அரக்கில் தங்கிய குரல்கள்

(எங்கள் ஊர் நூலகத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், இந்த ப்ளூஸ், சோல் எல்லாம் கேட்கணும்னு ஆசை. எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். இரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகைகள். அவருக்குச் சொல்ல நினைத்ததையே உங்கள் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்த ஆசை வந்தபோது நான் பட்டியல் தேடினேன். சிறந்த நூறு ப்ளூஸ் பாடல்கள், சிறந்த நூறு சோல் பாடல்கள். ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரிசையாகக் கேட்டேன். வாரக் கடைசியில் ஒரு பாட்டுகூட மனதில் நிற்கவில்லை. ப்ளூஸ் எல்லாம் ஒரே மாதிரி கேட்டது. சோல் எல்லாம் ஏற்கெனவே எங்கோ கேட்டது போல இருந்தது. நமக்கு ஒட்டாது என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் ஒரு ஐப்பசி மாதம். வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வெளியே கொட்டுகிற மழை, ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள், உள்ளே புழுக்கம். காதில் ஹெட்போன். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தானாக ஓடியது. முதலில் வந்தது ஒரு சத்தம்தான். சொட்டு... சொட்டு... சொட்டு. ஓட்டை வீட்டில் பித்தளைக் குண்டானை வைத்தால் கேட்குமே, அது மாதிரி. மழைச் சத்தம்தான் உள்ளே கேட்கிறது என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். இல்லை, பாட்டுக்குள்தான் சொட்டுகிறது. அது டிம்பாலி என்கிற சின்ன மேளத்தை மின்சாரத்தில் வாசித்து எடுத்த ஒலி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதன் மேல் ஒரு பெண் குரல் ஏறியது. ஜன்னலில் விழும் மழைச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை, அது பழையதை எல்லாம் ஞாபகப்படுத்துகிறது என்று பாடுகிறாள். அழவில்லை. ஜன்னலிடம் கோபித்துக்கொள்கிறாள். இரண்டரை நிமிடத்தில் பாட்டு முடிந்துவிட்டது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் ஐந்தாறு தடவை கேட்டிருப்பேன்.

பாடியவர் ஆன் பீபிள்ஸ். பாட்டு 'ஐ கான்ட் ஸ்டாண்ட் தி ரெய்ன்', 1973. மெம்பிஸ் நகரத்தில் ஒரு கச்சேரிக்குக் கிளம்பும் நேரத்தில் இடி மழை பிடித்துக்கொள்ள, அவர் வாய்விட்டுச் சலித்துக்கொண்ட ஒரு வரிதான் பாட்டாயிற்று. கூட இருந்த டான் பிரையன்ட்டும் பெர்னி மில்லரும் சேர்ந்துகொள்ள, அன்றைக்கு ராத்திரியே எழுதி முடித்தார்கள்.

தம்பி, ஆரம்பம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பட்டியல் வேண்டாம். ஏதாவது ஒரு பாட்டு உங்களைப் பிடிக்கும். அது எது என்று நான் சொல்ல முடியாது. பிடித்தபின் அதை விட்டுவிடாமல், அதன் பின்னாலேயே போங்கள். யார் பாடினார்கள் என்பதோடு நிறுத்தாமல், யார் வாசித்தார்கள், எங்கே பதிவு செய்தார்கள், யார் எழுதினார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு பாட்டு என்னை எங்கெங்கே கூட்டிக்கொண்டு போனது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

மெம்பிஸ் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். அங்கே சோல் இசைக்கு இரண்டு பெரிய ஸ்டூடியோக்கள். ஒன்று ஸ்டாக்ஸ், இன்னொன்று ராயல். இரண்டுமே பழைய சினிமா கொட்டகைகள். கொட்டகையின் தரை திரையை நோக்கிச் சரிவாகத்தானே இருக்கும். நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டுச் சரிவை அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்டாக்ஸில், முன்னால் மிட்டாய் விற்ற இடத்தில் எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற அம்மா ரெக்கார்ட் கடை போட்டார். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கடையில் நின்று எதைக் கேட்டுத் தாளம் போடுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பார்.

ராயலை நடத்தியவர் வில்லி மிட்செல், எக்காள வாத்தியக்காரர். அங்கே எப்போதும் ஒரே குழுதான் வாசித்தது. ஹாட்ஜஸ் சகோதரர்கள் மூன்று பேர், கிட்டார், பேஸ், ஆர்கன் என்று ஆளுக்கு ஒன்று. டிரம்ஸ் பெரும்பாலும் ஹோவர்ட் கிரைம்ஸ். இவர்கள் வாசிப்பில் ஒரு அடக்கம் உண்டு. தாளம் இதோ விழப்போகிறது என்று நாம் நினைக்கும் இடத்துக்கு ஒரு நூல் தள்ளி விழும். அந்த நூலளவு தாமதத்தில்தான் பாட்டு மூச்சு விடுகிறது. இந்தக் குழுவோடு பாடி உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர் ஆல் கிரீன். அவரைக் கேளுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் அதே குழு, அதே சரிவான தரை, அதே வில்லி மிட்செல் என்று தேடிக்கொண்டு போனால் இன்னொருவர் கிடைப்பார். அவர்தான் ஓ. வி. ரைட்.

ஓ. வி. ரைட் சர்ச்சில் பாடிப் பழகியவர். சோல் இசையே சர்ச்சிலிருந்து வெளியே நடந்து வந்ததுதான். கடவுளைப் பார்த்துப் பாடிய அதே குரல், அதே கதறல், அதே கைதட்டல், ஆனால் இப்போது ஒரு மனிதனையோ மனுஷியையோ பார்த்து. 1954-இல் ரே சார்லஸ் அப்படித் துணிந்து பாடியபோது, சாமி பாட்டை இப்படியா பாழாக்குவது என்று கோபப்பட்டவர்கள் உண்டு. ஓ. வி. ரைட்டிடம் அந்த சர்ச் கடைசி வரை விலகவே இல்லை. 1971-இல் அவர் பாடிய 'எ நிக்கல் அண்ட் எ நெய்ல்' கேளுங்கள். ஒரு காலத்தில் காசு, சிநேகிதர் கூட்டம் எல்லாம் இருந்தவன், இப்போது பையில் ஒரு சில்லறைக் காசும் ஓர் ஆணியும் மட்டும் கிடக்க, அவை உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடக்கிறான். அதைப் பாடும்போது அவர் குரலைப் பெரிதாக உயர்த்துவதே இல்லை. தொண்டைக்குள் ஏதோ சிக்கிக்கொண்டு வர மறுப்பது போல ஒரு இறுக்கம் மட்டும்தான்.

இவ்வளவு பெரிய பாடகரை ஏன் நமக்குத் தெரியவில்லை? 1964-இல் அவர் பாடிய முதல் சோல் பாட்டு 'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்'. அதே பாட்டை அதே சமயத்தில் ஓட்டிஸ் ரெடிங்கும் பாடி வெளியிட்டார். அவருக்குப் பின்னால் பெரிய கம்பெனி இருந்தது. ஊருக்கெல்லாம் அது ஓட்டிஸ் பாட்டு ஆயிற்று. அதோடு, ரைட் சர்ச் பாடகராக இருந்த காலத்தில் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, அவர் எங்கள் ஆள் என்று பழைய கம்பெனி அவரை இழுத்துக்கொண்டது. நடுவில் போதை வழக்கில் சிறைக்கும் போனார். 1980-இல், 41 வயதில் இறந்துபோனார். அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கவே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆட்கள் மறக்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மாதிரிக் காகிதங்கள்தான். திறமைக் குறைவு அபூர்வம்.

'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்' பாட்டை எழுதியவர் பெயரைப் பார்த்தேன். ரூஸ்வெல்ட் ஜேமிசன். மெம்பிஸில் ஒரு ரத்த வங்கியில் வேலை பார்த்தவர். பாட்டு எழுதுவார், பாடுகிற பையன்களைச் சேர்த்து அங்கேயே ஒத்திகை பார்க்கச் சொல்லுவார். அப்படி ஒத்திகை பார்த்தவர்களில் ஒருவர் ரைட். இன்னொருவர் ஜேம்ஸ் கார். நள்ளிரவில் ஜேமிசன் இந்த இருவரையும் கூட்டிக்கொண்டு கோல்ட்வாக்ஸ் என்ற சின்ன ரெக்கார்ட் கம்பெனியை நடத்திய க்விண்டன் க்ளாஞ்ச் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு டேப்பைப் போட்டுக் காட்டினாராம். க்ளாஞ்ச் அதைக் கேட்டதும் இருவரையுமே எடுத்துக்கொண்டார்.

ஜேம்ஸ் கார் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவருடைய 'தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்' 1967-இல் கறுப்பின மக்களின் பாடல் பட்டியலில் பத்தாம் இடம் வரை வந்தது. எழுதியவர்கள் டான் பென், சிப்ஸ் மோமன் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள். சீட்டாட்டத்தின் நடுவே எழுந்து போய் அரைமணி நேரத்தில் எழுதிய பாட்டு. இன்னொருவருக்குச் சொந்தமானவரைக் காதலிக்கிற ஒருவன், தெருவின் இருட்டு முனையில்தான் சந்திக்க முடியும் என்கிறான். ஒருநாள் பிடிபடுவோம் என்று தெரியும். தப்பு என்றும் தெரியும். நம்மிடமும் இப்படி எத்தனையோ கதைகள் இருக்கின்றன. ஆனால் அவர் அந்தத் தப்பை நியாயப்படுத்தவில்லை, தன்னை நொந்துகொள்ளவும் இல்லை. இரண்டும் ஒரே மூச்சில் இருக்கின்றன. எங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொல்லும் இடத்தில் குரல் ஒரு படி ஏறும். அந்த ஏற்றத்தில் பயம் இருக்கிறது, கூடவே கண்டுபிடித்தால்தான் என்ன என்கிற ஒரு நிம்மதியும் இருக்கிறது. இந்தப் பாட்டைப் பலபேர் பாடியிருக்கிறார்கள், அரீதா ஃபிராங்க்ளினும் பாடியிருக்கிறார். எழுதிய டான் பென்னிடம் எது பிடிக்கும் என்று கேட்டால், காருடையதைத் தவிர வேறொன்று இருக்கிறதா என்பார்.

காருக்கு மனநோய் இருந்தது. மேடையேறி அசையாமல் அப்படியே நின்றுவிடுவார். 1979-இல் ஜப்பானில் அப்படித்தான் ஆயிற்று. கோல்ட்வாக்ஸ் மூடிய பின் வருஷக்கணக்கில் அவர் இருக்கும் இடமே தெரியவில்லை. 2001-இல் காலமானார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சோகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் வேண்டிக்கொள்வது, முதலில் பாட்டைக் கேளுங்கள், கதையைப் பிறகு படியுங்கள். பரிதாபத்தோடு கேட்டால் அந்தக் குரலில் இருக்கிற கட்டுப்பாடு காதில் விழாது. தன் குரலை எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்த ஒரு கைகாரர் அவர்.

டான் பென் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் என்ற சின்ன ஊர் வரும். அங்கே ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த ஆர்தர் அலெக்சாண்டர் 1961-இல் 'யூ பெட்டர் மூவ் ஆன்' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றுதான் ஸ்டூடியோ. அந்தப் பாட்டு சம்பாதித்துக் கொடுத்த பணத்தில்தான் அதைப் பதிவு செய்த ரிக் ஹால் தன் ஃபேம் ஸ்டூடியோவுக்குப் புதுக் கட்டடம் எழுப்பினார். பின்னால் பெரிய பெரிய பாடகர்கள் எல்லாம் வந்து பாடிய இடம் அது. அலெக்சாண்டரின் பாட்டுகளை பீட்டில்ஸ் பாடினார்கள், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடினார்கள், பாப் டிலன் பாடினார். அவர் என்ன ஆனார்? க்ளீவ்லாந்தில் பஸ் ஓட்டினார். 1993-இல் திரும்பி வந்து ஒரு ஆல்பம் வெளியிட்டார். அதே வருஷம் ஜூன் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். 53 வயது. பீட்டில்ஸின் முதல் ஆல்பம் உங்களில் பலரிடம் இருக்கும். அதில் 'அன்னா' என்று ஒரு பாட்டு இருக்கும். அதைக் கேட்டுவிட்டு, உடனே அலெக்சாண்டர் பாடியதைக் கேளுங்கள். அவர் சத்தமே போடாமல் விட்டுக்கொடுப்பார். பீட்டில்ஸின் ஜான் லென்னன் நன்றாகத்தான் பாடுகிறார், ஆனால் விட்டுக்கொடுக்கிறவன் குரல் அது இல்லை.

இந்த மாதிரிப் பாட்டுகள் எப்படிப் பிழைத்தன என்று கேட்கலாம். ரசிகர்கள்தான் காப்பாற்றினார்கள். பெட்டி லவெட் என்ற பாடகி 1972-இல் மஸில் ஷோல்ஸில் ஒரு முழு ஆல்பம் பாடினார். கம்பெனி காரணம்கூடச் சொல்லாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டது. பிரான்ஸ்காரர் ஒருவர், சேகரிப்பாளர், அதைத் தேடிப்பிடித்து 2000-இல் வெளியிட்டார். 28 வருஷம்! இங்கிலாந்தின் வடக்கே ஆலைத் தொழிலாளிப் பிள்ளைகள், அமெரிக்காவிலேயே விற்காமல் போன சோல் ரெக்கார்டுகளைத் தேடித் தேடி வாங்கி, விடிய விடிய அவற்றுக்கு ஆடினார்கள். வீகன் ஊரில் 1973 முதல் 1981 வரை ஒரு மன்றத்தில் இதே வேலை. அங்கே பாட்டு எவ்வளவு பேருக்குத் தெரியாததோ அவ்வளவு மதிப்பு. ஃபிராங்க் வில்சன் என்பவரின் 1965-ஆம் வருஷத்து ரெக்கார்டு ஒன்றில் இரண்டே இரண்டு பிரதிகள்தான் தெரியவந்தன. ஒன்று 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் போயிற்று.

சரி, ஜேம்ஸ் காருக்குத் திரும்புவோம். அவர் பிறந்தது 1942-இல், மிசிசிப்பி மாநிலத்தில் கொஹோமா என்ற இடத்தில். அதுதான் டெல்டா என்று சொல்கிற பருத்திக் காடு. ப்ளூஸ் பிறந்து வளர்ந்த மண். சோல் பாட்டின் நூலைப் பிடித்து நடந்தால் கடைசியில் எல்லோரும் அங்கேதான் போய்ச் சேருவோம்.

முதலில் நான் சொன்னேன் இல்லையா, ப்ளூஸ் எல்லாம் ஒரே மாதிரி கேட்டது என்று. அதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ப்ளூஸ் பாட்டுக்குப் பன்னிரண்டு தாளக்கட்டு, மூன்று கார்டு, அதாவது சேர்த்து ஒலிக்கிற மூன்று சுரக்கூட்டு. ஒரு வரியைப் பாடுவார்கள், அதையே திருப்பிப் பாடுவார்கள், மூன்றாவது வரியில் பதில் வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், வெண்பா எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கணம்தானே, அதனால் எல்லா வெண்பாவும் ஒன்றாகிவிடுமா? கட்டு ஒன்றுதான், உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் சங்கதி. ஒரு வரியைப் பாடகர் பாதித் தாளக்கட்டில் முடித்துவிடுவார். மீதியைக் கிட்டார் பாடும். வரியைத் திருப்பிச் சொல்லும்போது முதலில் சொன்ன மாதிரி சொல்ல மாட்டார். முதலில் தகவல், இரண்டாவது தடவை வலி. அப்புறம் அந்தக் காந்தாரம். கர்நாடக இசை கேட்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம். பியானோவில் அந்தக் கட்டையே கிடையாது. குரலாலும், கம்பி மேல் கண்ணாடிக் குழாயை வழுக்கியும்தான் தொட முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்கான பாட்டு. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு நிலம் உழுது, வருஷக் கடைசியில் பண்ணைக்காரர் கணக்குப் பார்க்கும்போது எப்போதும் கடனாளியாகவே எழுந்து வந்த ஜனங்கள், வாரத்தில் ஒரு ராத்திரி தங்கள் உடம்பைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். வட மிசிசிப்பி மலைப் பக்கத்தில் ஜூனியர் கிம்ப்ரோ என்பவர் அப்படி ஒரு ஆட்டக்கொட்டகையே நடத்தினார். 1992-இல், 62 வயதில்தான் அவருடைய முதல் ஆல்பம் வந்தது. ஒரே கார்டு, ஒரே சுருதியில் பாட்டு சுழன்றுகொண்டே இருக்கும். தம்புரா பழகிய காதுக்கு அந்த மலைப் பக்கத்து ப்ளூஸ் சீக்கிரம் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

டெல்டாவின் ஓரத்தில் அவலான் என்று ஒரு குக்கிராமம். ஜான் ஹர்ட் அங்கே விவசாயக் கூலி. 1928-இல் ஓகே என்ற கம்பெனி அவரை மெம்பிஸுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பாட வைத்தது. டிசம்பர் குளிரில் நியூயார்க்கில் இருந்துகொண்டு தன் ஊரை நினைத்து ஒரு பாட்டுப் பாடினார், 'அவலான் ப்ளூஸ்'. அதற்கப்புறம் பொருளாதார வீழ்ச்சி வந்தது, ரெக்கார்டு வாங்க ஆளில்லை, ஹர்ட் ஊருக்குத் திரும்பி மாடு மேய்க்கப் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷம் கழித்து டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்தப் பாட்டைக் கேட்கிறார். அவலான் என் சொந்த ஊர் என்று மனிதர் பாடுகிறாரே, அப்படி ஓர் ஊர் இருக்கிறதா? புது வரைபடத்தில் இல்லை. பழைய அட்லஸ் ஒன்றில் கிடைத்தது. 1963-இல் காரை எடுத்துக்கொண்டு போய் விசாரித்தால், ஆமாம், அவர் இங்கேதான் இருக்கிறார் என்று கை காட்டுகிறார்கள். வந்தவர் ஏதோ அரசாங்க அதிகாரி என்று ஹர்ட் முதலில் பயந்துவிட்டாராம். கிட்டாரைக் கையில் கொடுத்தார்கள். வாசித்தார். அதே வருஷம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் உட்கார்ந்து பாடினார். அடுத்த மூன்று வருஷம் பாடிவிட்டு 1966-இல் காலமானார்.

அவரைக் கேட்கும்போது வலது கையின் கட்டைவிரலை மட்டும் கவனியுங்கள். கடிகாரம் மாதிரி மந்தரக் கம்பிகளில் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் பாட்டின் மெட்டை வாசிக்கும். குரல், திண்ணையில் பேரப்பிள்ளையிடம் பேசுகிற குரல். ஒரே ஆள் மூன்று பேர் வேலையைச் செய்கிறார், ஆனால் வேலை செய்கிற அடையாளமே தெரியாது.

அடுத்த வருஷம், 1964-இல், இன்னும் மூன்று பேர் கிளம்பிப் போய் ட்யூனிக்கா ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கிப் ஜேம்ஸைக் கண்டுபிடித்தார்கள். இவர் ஹர்ட்டுக்கு நேர் எதிர். கிட்டாரையே சோக சுருதியில் கட்டிக்கொள்வார், குரலை மேலே மெல்லிய இழையாக நூற்பார், கேட்டால் வெயிலிலும் முதுகு சில்லிடும். 1931 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்தின் க்ராஃப்டன் ஊருக்குப் போய்ப் பாடியவற்றில் பதினெட்டுப் பாட்டுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

க்ராஃப்டனில் இருந்த அந்தக் கம்பெனி பாரமவுன்ட். அதன் முதலாளி யார் தெரியுமா? ஒரு நாற்காலிக் கம்பெனி. நாற்காலி செய்தவர்கள், கிராமபோன் பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். பெட்டி விற்க வேண்டுமானால் அதில் போட ரெக்கார்டு வேண்டுமே என்று ரெக்கார்டும் போட்டார்கள். மலிவான சரக்கு, அதனால்தான் அந்த ரெக்கார்டுகளில் இவ்வளவு இரைச்சல். கம்பெனியை மூடியபோது உலோக அச்சுத்தட்டுகளைப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள். இன்றைக்கு நாம் கேட்பதெல்லாம் யார் வீட்டுப் பரணிலோ, கட்டிலுக்கடியிலோ தப்பிக் கிடந்த தட்டுகளிலிருந்து எடுத்தவை. கீஷி வைலி, எல்வி தாமஸ் என்ற இரண்டு பெண்கள் 1930-இல் அங்கே போய்ப் பாடினார்கள். 'லாஸ்ட் கைண்ட் வேர்ட்ஸ் ப்ளூஸ்' என்ற அவர்கள் ரெக்கார்டின் பிரதிகள் உலகத்தில் பத்துகூடக் கிடையாது. அந்தப் பாட்டு நம் கைக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

அந்தத் தட்டு எதனால் செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரக்கு. தபாலாபீஸில் பார்சலுக்கு உருக்கி ஊற்றி முத்திரை வைப்பார்களே, அந்த வாசனை ஞாபகம் இருக்கிறதா? அதற்கு மூலம் எதுவோ அதேதான். சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் இலந்தையிலும் ஒரு சின்னப் பூச்சி விடுகிற பிசின். ஆதிவாசி மக்கள் கிளையோடு ஒடித்துச் சுரண்டி எடுத்தது, கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. அன்றைக்கு உலகத்துக்கே அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போயிற்று. அதை அரைத்த கல்பொடியோடும் கரியோடும் சேர்த்து அழுத்தினால் ரெக்கார்டு. ஆக, மிசிசிப்பிப் பருத்திக்காட்டுக் கூலியின் குரல் தங்கியது நம் காட்டுப் பூச்சியின் பிசினில். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த இரைச்சல் எனக்குத் தொந்தரவாக இல்லை.

கடைசியாக ஒருவர். டெக்சாஸின் பிளைண்ட் வில்லி ஜான்சன். கண் தெரியாதவர், தெருமுனையில் நின்று பாடியவர். ப்ளூஸ் கிட்டாரில் பக்திப் பாட்டு மட்டுமே பாடினார். 1927 டிசம்பர் 3-ஆம் தேதி டல்லாஸில் பதிவு செய்தது 'டார்க் வாஸ் தி நைட், கோல்ட் வாஸ் தி கிரவுண்ட்'. ஏசு சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில் தனியாக மண்டியிட்டதைப் பற்றிய பழைய சர்ச் பாட்டு. ஆனால் அவர் ஒரு சொல்கூடப் பாடுவதில்லை. முனகுகிறார். கம்பியில் வழுக்குகிற கிட்டார் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, குரல் அதைப் பிடித்துக்கொள்கிறது. சில இடத்தில் குரல் முந்த, கிட்டார் பின்னால் வருகிறது. சில இடத்தில் இரண்டும் ஒன்றாகி, எது கம்பி எது தொண்டை என்று தெரியாமல் போகிறது. 1945-இல் அவர் வீடு எரிந்துபோயிற்று. போக இடமில்லாமல் அந்தச் சாம்பலிலேயே ஈரப் படுக்கையில் படுத்துக் காய்ச்சல் கண்டு இறந்தார்.

1977-இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளைத் தங்கத்தட்டில் பதித்து அனுப்பினார்கள். இருபத்தேழு இசைத்துண்டுகள். கடைசிக்கு முந்தினது இந்த முனகல். அதற்குச் சரியாக முந்தினது இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி. இரண்டும் அடுத்தடுத்து, சூரிய மண்டலத்தின் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்தப் பாட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். மூன்று நிமிடம் இருபது வினாடி. தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள், கதவையும் சாத்திவிடுங்கள். முதலில் இரைச்சல் மட்டும்தான் வரும், பிறகு கம்பி வரும். கேட்போம்.